ஆணுக்கு நான்கு மணித்துளி

தை 28

மாலையில் அறிவியல் தமிழ்ப் பேரவையின் செயலர் இளவழுதி இல்லம் தேடி வந்தார். கையில் பழக்கூடை, முகத்தில் சினம். மாந்த இனப்பெருக்கத்தைத் தமிழில் விளக்கத் தொடங்கினால் பாதியில் கூச்சம் வரும், மீதியில் சொல் தீரும் என்று யாரோ ஒரு பேராசிரியர் கூட்டமொன்றில் எள்ளினாராம். அதற்கு மறுமொழியாக நகர மன்றத்தில் ஒரு மணி நேரப் பொழிவு வேண்டும். அதில் ஓர் அயற்சொல்லும் கலக்கக் கூடாது. யாரை அழைப்பது என்று பேரவை கூடி ஆராய்ந்தபோது என் பெயரைத் தவிர வேறு பெயர் எழவில்லையாம்.

எழாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக மேடையை உழுதவன் நான். சொல்லுழவர் செம்பியன் என்று இத்திருச்சி நகரம் என்னை அழைப்பது வெறும் பட்டத்துக்காக அன்று. பங்குனி 20 என நாள் குறித்தோம்.

ஏமலதா தேநீர் கொண்டுவந்தாள். (என் மனைவியின் பெயரை அவள் வீட்டார் வடவெழுத்தோடு எழுதுவர். திருமணத்தன்றே பொற்கொடி என்று மாற்றினேன். "ஆபீஸ்ல சர்வீஸ் புக்கு, பேங்க்ல பாஸ்புக்கு, எல்லாத்துலயும் மாத்திக் குடுத்துட்டு அப்பறம் கூப்புடுங்க" என்றாள். ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வடவெழுத்தை மட்டும் நீக்கி எழுதி வருகிறேன்.) வந்தவர் சென்ற பின், "நல்ல தலைப்புதான்" என்றாள். அவ்வளவே.

மறக்குமுன் குறிக்கிறேன். அவளுக்கான அறுவையைப் பங்குனி 6 அன்று வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் மெகர்நிசா சொல்லியிருக்கிறார். தொப்புளருகே துளையிட்டுக் கருவியொன்றைச் செலுத்தி, இத்தனை ஆண்டுகளாக ஏன் கரு தங்கவில்லை என்று உள்ளே பார்ப்பார்களாம். அதற்கு முன் என் ஆய்வறிக்கையும் வேண்டுமாம். மூன்றாண்டுக்கு முன்பே எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருந்தது, தாளைத் தேடித் தருகிறேன் என்று ஏமலதாவிடம் சொன்னேன்.

தேட வேண்டும்.

மாசி 2

ஐந்து நூல்களைப் படித்து முடித்தேன். சூலகம், கருமுட்டை, கருக்குழல், கருப்பை. கூச்சமாம், சொல் தீருமாம்! இச்சொற்களைவிடத் தூய்மையான சொற்கள் எம்மொழியில் உண்டு?

ஒரு பெண் தன் கருமுட்டைகள் அனைத்தையும் பிறக்கும்போதே உடன்கொண்டு பிறக்கிறாள். அப்போது அவை பத்து நூறாயிரத்துக்கும் மேல். பருவமெய்தும் நாளில் மூன்று நான்கு நூறாயிரம் எஞ்சும். அவற்றுள்ளும் வாழ்நாள் முழுதும் முதிர்ந்து வெளிவருவன ஏறத்தாழ நானூறுதாம். திங்களுக்கு ஒன்றாகச் சூலகத்தை விட்டு வெளிவரும் முட்டையைக் கருக்குழலின் விரல் போன்ற நுனி ஏந்திக்கொள்கிறது. ஏந்திய முட்டை ஒரு நாள் அளவே உயிரோடு காத்திருக்கும். அதற்குள் விந்தணு வந்து சேராவிட்டால், அதை வரவேற்கக் கருப்பை விரித்த குருதிப்பாய் மடிந்து வெளியேறும். மறு திங்கள் மீண்டும் விரிக்கும். சலிப்பதே இல்லை.

கண் கலங்கியது. ஏமலதாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்ங்க. எந்த நாளுன்னு மாசா மாசம் எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க தேனியில இருப்பீங்க, இல்லாட்டி தென்காசியில இருப்பீங்க."

நகைச்சுவையாகத்தான் சொன்னாள்.

மாசி 5

இளவழுதியின் மகள் இசைநிலாவுக்கு வளைகாப்பு. எங்கள் தனித்தமிழ் இயக்க வழக்கப்படி வடமொழி ஓதல் இல்லை, நல்ல நேரம் பார்த்தல் இல்லை. நான் வாழ்த்துரை வழங்கினேன். "விதை அவன், நிலம் அவள், விளைச்சல் இந்நாட்டின் பிள்ளை" என்று முடித்தபோது பந்தல் அதிர்ந்தது. எத்தனை திருமணங்களில் சொல்லியிருப்பேன், இவ்வரிக்கு மட்டும் கைதட்டல் குறைந்ததே இல்லை.

வளையல் அணிவிக்கப் பெண்கள் வரிசையாகச் சென்றனர். ஏமலதாவும் எழுந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இளவழுதியின் துணைவியார், "நீ செத்த பந்தியைப் பாத்துக்கம்மா, அங்க ஆளில்ல" என்றார். ஏமலதா பந்திக்குப் போய்விட்டாள். பந்தியில் ஆள் இருந்தனர், நான் பார்த்தேன். புளிச்சோறும் தயிர்ச்சோறும் அவள் கையால் எல்லார்க்கும் கிடைத்தன.

பழைய பழக்கங்கள் சிலரை விட்டு அகல நாளாகும். இதைக் குறித்து ஒரு கூட்டத்தில் பேச வேண்டும்.

மாசி 6

குரல் கட்டியிருக்கிறது. அதிமதுரம் மென்றேன். ஏமலதா அலுவலகத்திலிருந்து பிந்தி வந்தாள்.

மாசி 9

இன்று ஆணுக்குரிய பகுதி. விந்தகங்கள் உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவது ஏன்? விந்தணு உருவாக உடற்சூடு ஆகாது. இரண்டு மூன்று பாகை குளிர்ச்சி வேண்டும். ஓர் அணு உருவாகி முதிர எழுபது நாளுக்கு மேல் ஆகிறது. இன்று உடலிலிருப்பது இரண்டரைத் திங்களுக்கு முன் தொடங்கிய வேலை. விந்தகத்தின் பின்னே சுருண்டு கிடக்கும் குழலை நீட்டினால் இருபதடி வரும். அதனூடே நடந்துதான் அணு நீந்தக் கற்கிறது. கோடிக்கணக்கில் புறப்பட்டு, முட்டையின் அருகே சேர்வன சில நூறு; உட்புகுவது ஒன்றே ஒன்று. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பதும் அந்த ஒன்றுதான். பெண் பெற்றாள் என மனைவியைப் பழிக்கும் மூடர்க்கு இதனால் ஓர் அடி கொடுக்கலாம்.

எண்ணிக்கை குறைந்தோ நீந்தும் ஆற்றல் குன்றியோ இருப்பது பல ஆண்களுக்கு வெளியில் எவ்வகையிலும் தெரியாதாம். ஆண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லையாம். குழந்தை பிறக்காத இணையர்களில் பாதிக்கு அருகில் ஆணிடமும் குறையிருக்குமாம்.

இப்பகுதிக்கு நான்கு மணித்துளி போதும். அவையில் தாய்மார்கள் இருப்பர்.

மாசி 12

உரையின் படியோடு மருத்துவர் மெகர்நிசாவைக் கண்டேன். அறுபதை நெருங்கும் அம்மையார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். சிவப்பு மையோடு முழுவதையும் படித்தார். செய்திகளில் பிழை இல்லை என்றார். ஓரத்தில் நான் குறித்திருந்த நேரக்கணக்கில் மட்டும் விரல் நின்றது.

"பொம்பளைக்கு நாப்பது நிமிஷம், ஆம்பளைக்கு நாலு நிமிஷம். எங்க ஓபியிலயும் இதே கணக்குதான் சார். பொம்பளை நாப்பது தடவ வருவா. ஆம்பள நாலு நிமிஷம் வருவாரு, அதுவும் வண்டி சாவியக் கையில சுத்திக்கிட்டே."

நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

பிறகு என் அறிக்கையைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். "தொலைஞ்சா இன்னொன்னு எடுத்துக்கலாம். ரெண்டு மூணு நாள் சேராம இருந்துட்டுக் குடுக்கணும், அவ்வளவுதான். ஒரு துளி வலி கெடையாது. நீங்க குடுத்தா, அவங்க வயித்துல ஓட்டை போடணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணுவேன். குடுக்கலன்னா போட்டுத்தான் பாக்கணும்."

பங்குனி 6க்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.

மாசி 13

ஏமலதாவுக்கு வேலை அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில். நானூறு விதைகளை எண்ணி, ஈரத்தாளில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று சான்றளிப்பார்கள். இன்று உணவின்போது உரையின் நிறைவு வரிகளை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். விதை அவன், நிலம் அவள்.

அவள் மோர் ஊற்றிக்கொண்டே மறுமொழி சொன்னாள். அவள் குரல் உயரவே இல்லை.

"தப்புங்க அது. வெதையின்னா அதுல ரெண்டு பேரும் ஏற்கெனவே இருக்காங்க. ஆம்பளகிட்ட இருக்கறது வெறும் மகரந்தம். பொம்பளகிட்ட இருக்கறது சூல். ரெண்டும் பாதிப்பாதி சேந்தாத்தான் வெதையே. ஒம்போது வருசமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் இதைக் கேட்டுக்கிட்டு முன்வரிசையில ஒக்காந்திருக்கேன்."

அறிவியல்படி அவள் சொல்வது சரி. வேறு வரி தேட வேண்டும் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் நின்று, "இன்னொண்ணும் சொல்றேன். வயல்ல மொளைக்கலன்னு யாராச்சும் வந்தா நாங்க மண்ணைக் கேக்க மாட்டோம். மீதி இருக்கற வெதைய எடுத்துட்டு வாங்கன்னுதான் மொதல்ல சொல்லுவோம்" என்றாள்.

மாசி 14

கடலூரில் கூட்டம். பேச்சு நன்றாக அமையவில்லை.

மாசி 15

இந்நாட்குறிப்பை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. ஆயினும் மூன்று நாள்களாக ஒன்றை மட்டும் இதில்கூட எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

தொலைந்த அறிக்கை எதுவும் இல்லை. மூன்றாண்டுக்கு முன் ஆய்வுக்கூடம் வரை சென்றேன். மூடியிட்ட சிறு குப்பியைக் கையில் கொடுத்த இளைஞர், "ஐயா, போன மாசம் மலைக்கோட்டைக் கூட்டத்துல உங்க பேச்சைக் கேட்டேன், சிங்கம் மாதிரி இருந்துச்சு" என்றார். குப்பியோடு நின்ற சிங்கம் படியிறங்கி வந்துவிட்டது. அன்று மாலை ஏமலதா கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றேன். ஒரே ஒரு சொற்றொடர். ஆயிரம் மேடைகளில் நான் சொன்ன எதையும் எவரும் அவ்வளவு எளிதாக நம்பியதில்லை.

அதன்பின் அவளுக்கு எத்தனை ஊசிகள், எத்தனை ஆய்வுகள் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ண முடியவில்லை, பலவற்றின்போது நான் ஊரில் இல்லை.

மாசி 17

பெரம்பலூர் சென்றேன். அங்கு என்னை யாரும் அறியார். ஆய்வுக்கூடத்தில் பெயர் கேட்டனர். ஜெகதீசன் என்றேன்.

ஆம். என் பெற்றோர் வைத்த பெயர். வடவெழுத்தோடு வாழ்வது இழிவென்று பத்தொன்பது அகவையில் மேடையேறித் துறந்த பெயர். அதற்குள் இன்று ஒளிந்துகொண்டேன். மேசைக்குப் பின்னிருந்த பெண் எழுதியவாறே, "வயசு?" என்றார். நாற்பத்தொன்று என்றேன். அவர் எழுத்தை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க சொல்லுழவர்தானே ஐயா? 'நாற்பத்தொன்று'ன்னு இங்க யாரும் சொன்னதில்ல. அதான் கேட்டேன்."

படி இரண்டடி தொலைவில் இருந்தது. பார்த்தேன். பிறகு அவரிடமே குப்பியை வாங்கிக்கொண்டு, அவர் காட்டிய அறைக்குள் சென்று கதவைச் சாத்தினேன்.

வெளியே வந்தபோது அவர் வேறொருவருக்குக் குருதி எடுத்துக்கொண்டிருந்தார். உலகம் எனக்காக நின்றிருக்கவில்லை.

மாசி 19

அறிக்கை வந்தது. அணுக்களைப் பத்துப் பத்து நூறாயிரமாக எண்ணும் கணக்கில், குறைந்த அளவாகப் பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. நூற்றுக்கு நாற்பதாவது நீந்த வேண்டும். என்னுடையவற்றுள் நீந்துவன பன்னிரண்டு.

ஏமலதா வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருந்தேன். பேச ஒரு முன்னுரை ஆயத்தம் செய்திருந்தேன். அவளைக் கண்டதும் அது மறந்துவிட்டது. தாளை நீட்டி, மூன்றாண்டுக்கு முன் நான் எதுவும் எடுக்கவில்லை, சொன்னது பொய் என்றேன்.

அவள் படித்தாள். தாளின் மேல்மூலையில் இருந்த எண்ணையும் நாளையும் இருமுறை பார்த்தாள். பிறகு நிலைப்பேழையைத் திறந்து தன் மருத்துவக் கோப்பை எடுத்து வந்தாள். கண்ணாடித்தாள் உறைகளில் ஒன்பது ஆண்டு அறிக்கைகள் வரிசையாக இருந்தன. நடுவே ஓர் உறையில் எதுவும் இல்லை. அதன்மேல் அவள் கையெழுத்தில், 'அவரோடது' என்றிருந்தது.

"மூணு வருசமா இந்தக் கவர் காலியா இருக்கு. நம்பர் இல்லாத ரிப்போர்ட்டை எங்க ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டோம்."

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா பேசுவீங்க. உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? என்னிக்காச்சும் பேசாம கொண்டாந்து குடுப்பீங்கன்னு இருந்தேன். எனக்குச் சாயம் ஏத்திக் குழாய்ப் படம் எடுத்தாங்களே, அன்னிக்கு நான் துணியக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க பொன்னேரியில பெண்ணின் பெருமைன்னு பேசிட்டிருந்தீங்க."

தாளை உறையில் இட்டாள். கோப்பை மூடினாள்.

மாசி 20

பேசவில்லை.

மாசி 21

இன்றும். சோறு மட்டும் மேசையில் இருந்தது.

மாசி 22

இருவரும் மருத்துவரிடம் சென்றோம். அவரே என்னை ஓர் ஆண்கள் பிரிவு மருத்துவரிடம் அனுப்பினார். இடப்பக்க விந்தகத்துக்கு மேலே நாளங்கள் புடைத்திருக்கின்றனவாம். காலில் புடைக்குமே, அதுபோல. குருதி அங்கே தேங்குவதால் சூடு ஏறுகிறது. பல ஆண்களுக்கு உள்ளதே. எளிய அறுவையால் கட்டிவிடலாம். பலருக்குப் பயன் தரும், எல்லார்க்கும் என்று உறுதி சொல்ல இயலாது. ஏமலதாவின் அறுவை இப்போதைக்கு வேண்டாம் என மெகர்நிசா அம்மையார் தன் குறிப்பேட்டில் அடித்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் மேடையில் நின்றதால் வந்திருக்குமோ என்று கேட்டேன். "மேடை மேல பழிய போடாதீங்க சார்" என்றார். ஏமலதா சிரித்தாள். மூன்று நாள்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்றாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னிருந்து அவளாகவே, "ஆறாந்தேதி லீவு போட்டு வெச்சிருக்கேன். கேன்சல் பண்ண வேணாம். நீங்க படுத்துக்குங்க" என்றாள்.

வீடு வந்து ஒன்றை முடிவு செய்தேன். அவள் பெயரை அவள் எழுதுவது போலவே இனி எழுதுவேன். ஹேமலதா.

பங்குனி 6

அவளுக்குக் குறித்த நாளில் நான் படுத்தேன். ஒரு மணி நேரமும் ஆகவில்லை. கண் விழித்தபோது ஹேமலதா கட்டிலருகே அலுவலகத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். "கொஞ்சம்னா கொஞ்சமா, மேடைக் கொஞ்சமா?" என்றாள். என் தோள்மேல் வைத்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

பங்குனி 20

நகர மன்றம் நிறைந்திருந்தது. பெண்ணுக்கு இருபத்தெட்டு மணித்துளி, ஆணுக்கு இருபத்தெட்டு. விந்தகத்தின் குளிர்ச்சியைச் சொன்னபோது பின்வரிசையில் சிலர் நகைத்தனர். முன்வரிசைத் தாய்மார்கள் நகைக்கவில்லை, குறிப்பெடுத்தனர்.

முடிவுரைக்கு நான்கு மணித்துளி எஞ்சியது. இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விதை நிலக் கதை பிழை என்றேன். ஆணிடம் இருப்பது பூந்துகள், பெண்ணிடம் இருப்பது சூல், இரண்டும் சமமாகக் கலந்த பின்பே விதை என்றேன். நிலத்தைப் பழித்தவர் பட்டியலில் முதற்பெயர் என்னுடையது என்றேன். பிறகு, எழுதி வைக்காததைச் சொன்னேன்.

"என் வீட்டில் ஒரு கவர் மூன்று ஆண்டுகள் காலியாக இருந்தது. என் ரிப்போர்ட்டுக்காக என் மனைவி காத்திருந்தார். குறை என்னிடம் இருந்தது. ஊசி அவர் கையில் ஏறியது. இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் கணவன்மார்களே, உங்கள் வீட்டு உறையையும் இன்றிரவு திறந்து பாருங்கள்."

கைதட்டல் இல்லை. ஐந்தாம் வரிசையில் ஹேமலதா தலை குனிந்திருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இறங்கியதும் இளவழுதி விரலை மடக்கி எண்ணி, "கவர், காலி, ரிப்போர்ட். அயற்சொல் விழுந்துடுச்சே ஐயா, மூணு" என்று வருந்தினார். விழட்டும் என்றேன். வாயிலில் பேருந்து நடத்துநர் உடையில் ஒருவர் என் தோளருகே வந்து, வேறெங்கோ பார்த்தபடி, "அந்த லேப் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

ஆனி 12

இரண்டாம் ஆய்வு. இம்முறை என் பெயரிலேயே. ஆறு பத்தொன்பதாகியிருக்கிறது, பன்னிரண்டு முப்பத்தெட்டாகியிருக்கிறது. ஹேமலதா தாளை வாங்கி, எண் பார்த்து, உறையில் பழையதன் மேல் வைத்தாள்.

"சான்று குடுக்கற அளவுக்கு இல்ல. ஆனா திருப்பி அனுப்ப மாட்டோம்."

திங்களில் அவள் குறிக்கும் ஐந்தாறு நாள்களுக்கு இனி எந்த ஊர்க் கூட்டமும் ஒப்புக்கொள்வதில்லை. அமைப்பாளர்கள் வினவுகிறார்கள். வேறு பணி இருக்கிறது என்கிறேன். உண்மைதான்.

ஆனி 30

இசைநிலாவின் குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா. பெண் குழந்தை. தொட்டிலில் இடுமுன் குழந்தையை யார் முதலில் ஏந்துவது என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, இசைநிலா எழுந்து வந்து ஹேமலதாவின் மடியில் வைத்தாள். அவள் தாயார் வாய் திறந்தார். "நான்தாம்மா பெத்தேன், நானே குடுக்கறேன்" என்றாள் இசைநிலா. என் பொழிவு நாளன்று அவளும் மன்றத்தில் இருந்தாளாம், நிறைசூலியாக, கடைசி வரிசையில்.

என்னை வாழ்த்துரைக்க அழைத்தனர். எழுந்து, குழந்தை நலமாக இருக்கட்டும் என்று சொல்லி அமர்ந்தேன். மக்கள் இன்னும் காத்திருந்தனர்.

ஆவணி 9

காலையில் சமையலறை நாட்காட்டியின் முன் ஹேமலதா நெடுநேரம் நின்றாள். ஐந்து நாள் தள்ளியிருக்கிறது.

மருந்துக்கடைக்கு ஓடச் செருப்பை மாட்டினேன்.

"எங்க ஓடறீங்க? நெல்லு மொளைச்சிருக்கான்னு எண்ணவே பதினாலு நாள் விடுவோம். நடுவுல தாளைப் பிரிச்சிப் பாத்தா காஞ்சிடும். இன்னும் ஒம்போது நாள் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. மேடையில மறைமுகமாக்கூட."

செருப்பைக் கழற்றினேன். மாலையில் துறையூரில் பெருங்கூட்டம். இரண்டாயிரம் பேர் வருவர். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் என்னால் இதைச் சொல்லாமல் இருக்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தேன். என் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, குரல் கட்டியிருக்கிறது, வர இயலாது என்றேன்.

பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லும்போது ஹேமலதா என் எதிரே அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் நம்பிவிட்டாரா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தேன்.